வாசிக்காமல் நின்ற ஓலை

1. அவளுடைய சொந்த ஊரான ஆலந்தலையில் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கப்பலில் வேலை பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொள்ள, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று அவள் தலையாட்டிவிட்டாள்.

2. ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் பங்குச்சாமியிடம் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள்.

3. இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று.

4. அவள் சாமியைப் பார்க்கப் போனாள். நான் வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தேன்.

நான் துறைமுகத்தில் கிரேன்களின் மின்சாரப் பராமரிப்பைப் பார்க்கும் பொறியாளர். எதையும் வரிசைப்படுத்திக்கொண்டால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். அவளும் நானும் தூத்துக்குடியில் ஒரே வீட்டில் வாழ்கிறோம். வீட்டுக்காரருக்கு நாங்கள் தோழிகள்.

சாமி கோபப்படவில்லையாம். வேறு பையனை விரும்புகிறாயா என்று கேட்டிருக்கிறார். பையன் இல்லை, கூட இருக்கிற பெண் என்றிருக்கிறாள். அவர், கல்யாணமானால் அதெல்லாம் சரியாகிவிடும், அதைத் தடையாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் எனக்கு இந்தக் கல்யாணத்தில் சம்மதமில்லை என்று அவள் சொன்ன பிறகுதான் ஓலை நின்றது. எங்கள் இத்தனை வருட வாழ்க்கை ஒரு தடையாகக்கூடத் தேறவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே இதைக் கேட்டேன். அலுப்பாக இருந்தது.

மூன்றாவது ஓலை வாசிக்காத அந்த ஞாயிறு மதியம் அவளுடைய அம்மா பஸ் பிடித்து வந்துவிட்டார். மகளைப் பார்க்காமல் என்னிடம் பேசினார்.

“ஏளா, நீ படிச்ச பிள்ள. நீ சொன்னா கேப்பா. ஊர் பூரா சிரிக்காவ.”

அடுப்படியிலிருந்து அவள் வந்து நின்றாள். “அவகிட்ட ஏம்மா கேக்கிய? அவளுக்காகத்தான் நான் வேண்டாம்னேன்.”

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் என்னையே பார்த்தார்.

“ஒரு பயலா இருந்தாலாவது போய்ச் சண்ட போடலாம். உங்கிட்ட என்னத்தளா சண்ட போட?”

தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். சாப்பிட மாட்டேன் என்றார். பஸ் ஸ்டாண்டில் நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

கல்யாணம் நின்றுவிட்டது. சட்டம் இப்போது எங்களைக் குற்றவாளிகள் என்று சொல்வதில்லை, தம்பதி என்றும் சொல்வதில்லை. அவள் ஆலந்தலைக்குப் போவதில்லை. அம்மா மகளிடம் பேசுவதில்லை. மாத்திரை தீர்ந்தால் எனக்குப் போன் செய்கிறார்; நான் வாங்கி அனுப்புகிறேன்.