நாற்பத்தேழாம் பக்கத்தின் தேதி

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எங்கள் பக்கத்துப் பட்டாசு கம்பெனிகளில் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்த காலம். சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் இருந்த ஒரு கம்பெனியில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. வாய் மட்டும் நாற்பது வயதுக்காரியுடையது என்று எங்கள் அத்தா சொல்வார்.

எனக்குக் கொடுத்த வேலை ஒரு கையேடு. மருந்து கலப்பது முதல் பெட்டியில் அடைப்பது வரை எந்த அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். வெடிக்கான பொடியை எங்கள் ஊரில் மருந்து என்றுதான் சொல்வோம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அது எத்தனையாவது திருத்தம், எந்தத் தேதி என்று இருக்கும். ஒரு வரி மாறினாலும் அந்தப் பக்கத்துக்கு மட்டும் எண்ணும் தேதியும் மாற வேண்டும்.

சொல்வதற்குச் சுலபம். வேர்டில் ஒரு பக்கத்தின் அடியில் இருப்பதை மாற்றினால் மற்ற பக்கங்களும் அதையே பிடித்துக்கொள்ளும், அந்த இணைப்பை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. முப்பத்தோராம் பக்கத்தைத் திருத்தி, முழுதும் அச்செடுத்து, பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போர்மேன் புரட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, அம்புட்டுப் பக்கத்தையும் ஒரே நாள்லயா திருத்துனீக?"

ஆபீசே சிரித்தது. நான்கு நாள் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் தனித்தனியாகப் பிரித்தேன். எதை மாற்றினாலும், அழிந்த வரியையும் மாற்றிய நேரத்தையும் பெயரோடு பதிந்து வைக்கும் வசதியையும் போட்டுவிட்டேன். அந்தச் சிவப்புக் கோடுகள் கண்ணை உறுத்தியதால் திரையில் தெரியாமல் மறைத்து வைத்தேன். இனி ஒருத்தரும் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்ற வீம்புதான், வேறொன்றுமில்லை.

மருந்து கலக்கும் அறையில் ஓர் அண்ணன் வேலை பார்த்தார். படிக்காத மற்ற ஆட்களுக்குக் கையேட்டை உரக்க வாசித்துக் காட்டுபவர் அவர்தான். ஒருமுறை ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து, "எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போடுங்கம்மா, அங்கன வெளிச்சம் பத்தல" என்று கேட்டு வாங்கிப் போனார்.

சீசன் மும்முரத்தில் இருந்தபோது இரண்டு நாள் விடாமல் மழை. மூடி வைத்த மீதி மருந்து ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே சூடாகி, காலையில் அவர் மூடியைத் திறந்ததும் பற்றிக்கொண்டது. உயிர் பிழைத்தார். இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன.

'மீந்த மருந்தை மூடி வைத்து மறுநாள் பயன்படுத்தலாம்.' இது நாற்பத்தேழாம் பக்கம். எழுதிக் கொடுத்தவர் மேனேஜர். அடித்தது நான். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மேனேஜர் ஒரு சீட்டைக் கொண்டுவந்து வைத்தார். 'மீந்த மருந்தை அன்றே அழித்துவிட வேண்டும்' என்று அதில் எழுதியிருந்தது.

"இந்த வரிய மட்டும் மாத்து. கீழ தேதி பழையபடியே இருக்கட்டும். நாளைக்கு விசாரணைக்குக் கவர்மெண்ட் ஆபீசர் வர்றாக."

எனக்குப் புரிந்துவிட்டது. தேதி மாறாவிட்டால் அந்த விதி முன்பே இருந்ததாக ஆகிவிடும். விதியை மீறித் தீயை வரவழைத்தவர் அந்த அண்ணன் என்று ஆகிவிடும். வெந்த கையோடு வேலையும் போய், அவர் மேல் வழக்கும் வரும்.

"வரி மாறுனா தேதியும் மாறணும் சார்."

"நீ டைப்படிக்க வந்தியா, நியாயம் பேச வந்தியா?"

"டைப்படிக்கத்தான் வந்தேன். தேதியோட மாத்துனா அது திருத்தம். தேதிய மறைச்சு மாத்துனா திருட்டு."

"அப்ப எந்திரிச்சு வீட்டுக்குப் போ."

போனேன். ஆனால் போகச் சொன்னால் அப்படியே போய்விடுகிற ஆளா நான்? மறுநாள் காலையில் வழக்கம்போல் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆபீசர் வந்திருந்ததால் மேனேஜரால் என்னை ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான் கிளம்பிய பிறகு அவரே என் கம்ப்யூட்டரில் வரியை மாற்றி, அச்செடுத்து, கோப்பில் சேர்த்திருந்தார். தேதி பழைய தேதி. அண்ணன் வாசித்துக் காட்டிய பிரதி கலக்கும் அறையிலேயே எரிந்துபோயிருந்தது.

இரண்டு கையிலும் கட்டோடு அந்த அண்ணனை வரவழைத்து நிறுத்தியிருந்தார்கள். ஆபீசர் நாற்பத்தேழாம் பக்கத்தைப் படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கே அழிக்கணும்னு தெளிவாப் போட்டிருக்கே?"

"நான் வாசிச்சது வேற ஐயா. மூடி வைக்கலாம்னுதான் இருந்துச்சு."

"அவனுக்கு வாசிக்கவே வராது சார்" என்றார் மேனேஜர்.

அதுவரை பயத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் பயம் எங்கே போனதோ தெரியவில்லை. எழுந்துவிட்டேன்.

"சார், கொஞ்சம் இங்கன வந்து பாருங்க."

மறைத்து வைத்திருந்த கோடுகளைத் திரையில் வரவழைத்தேன். பழைய வரி சிவப்பில் அடிபட்டுக் கிடந்தது. அதன் மேல் மவுசை வைத்ததும் முந்தின நாள் தேதியும் மாலை நேரமும் ஒரு சிறு கட்டத்தில் வந்தன. கூடவே என் பெயரும் வந்தது. அது என் கம்ப்யூட்டர், நான் என் பெயரைத்தான் போட்டு வைத்திருந்தேன். மேனேஜர் விடுவாரா?

"பாத்தீங்களா சார், இவ பேருதான் இருக்கு. இவளே மாத்திட்டு இங்க வந்து நடிக்கா."

மேனேஜரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆபீசரிடமே சொன்னேன். அவ்வளவு கோபம்.

"சரி சார், நான் மாத்துனதாவே இருக்கட்டும். எம்மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க. ஆனா மாத்துனது நேத்து. இவுக கை வெந்தது அதுக்கு முன்னாடி. அன்னைக்கு இந்த வரி கையேட்டுலயே கெடையாது."

சிவப்புக் கோட்டோடு அந்தப் பக்கத்தை அப்படியே அச்செடுக்கச் சொல்லி ஆபீசர் வாங்கி வைத்துக்கொண்டார். அண்ணன் மேல் தவறில்லை என்றுதான் விசாரணை முடிந்தது. என்னை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று வாசலில் அந்த அண்ணன் எனக்காக நின்றிருந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

"எனக்கு வாசிக்க வராதுன்னுட்டாகளேம்மா. கைய விட அதுதாம்மா எரியுது."

வேலை போனதற்கு நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. ஆனால் இன்றைக்கும் யாராவது இன்னொருவரைக் காட்டி 'அவனுக்கு ஒன்றும் தெரியாது' என்று சொன்னால், சொல்கிறவர் எதை மறைக்கிறார் என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன்.