மூன்றாம் அழைப்பு

எங்கள் ஸ்கேன் சென்டரின் பழனிக் கிளையில் கணினிகளைக் கவனித்து வந்த சண்முகம், விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார் என்று பதினொரு மணிக்குச் சொன்னார்கள். அந்த நேரம் நான் திண்டுக்கல் கிளையில் உட்கார்ந்து, அவருடைய சர்வரிலிருந்து ஒரு ஸ்கேன் கோப்பை இழுக்கக் கட்டளை தட்டியிருந்தேன். கறுப்புத் திரையில் எச்சரிக்கை நின்றது: இந்தப் பெயரில் பதில் சொல்வது நீங்கள் அறிந்த சர்வர் அல்ல.

அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், ஒற்றைக் குரலுக்குத் திரும்பவே மாட்டார். பாலசமுத்திரத்துக்காரர். "பேய்க்கு மூணாவது தடவ கூப்பிட வராதுங்க" என்பார். சர்வர்களிடமும் அதே கறார்தான். புது இயந்திரம் வைத்தால் அதன் கைரேகையை, அதாவது அதற்கே உரிய நீண்ட எழுத்து வரிசையை, போனில் ஒவ்வொன்றாக வாசிப்பார். என் திரையில் இருப்பதோடு ஒத்துப்போனால்தான் நான் 'ஆம்' தட்ட வேண்டும். ஒருமுறை சோம்பலில் கேட்காமலே தட்டிவிட்டேன். "பூட்டுக்குப் பேர்போன ஊர்ல இருந்துக்கிட்டு கதவத் தொறந்து போடறீங்களே! பேரு அதேதானுங்க, ஆளு அதேதானான்னு பாக்கோணுமில்ல?" என்று வறுத்தெடுத்துவிட்டார். ஒன்பது வருடப் பழக்கத்தில் நேரில் பார்த்தது இரண்டே முறை. எனக்கு அவர் ஒரு குரல்தான்.

அன்று வர வேண்டியது, விபத்தில் அடிபட்ட ஒருவரின் தலை ஸ்கேன். இங்கே அறுவை சிகிச்சைக்கு மருத்துவர் காத்திருந்தார். என் கணினியில் இருந்த பழைய கைரேகையை அழித்துவிட்டு 'ஆம்' தட்டினால் ஒரு நிமிட வேலை. ஆனால் வேறு யாருடைய தலையாவது வந்து சேர்ந்தால்? விரல் பொத்தான் மேலேயே நின்றது.

அப்போது என் போன் அடித்தது. 'சண்முகம் பழனி' என்று காட்டியது. பயந்துவிட்டேன், சொல்வதற்கென்ன வெட்கம். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது முறைதான் எடுத்தேன்.

"அவரு சம்சாரம் பேசறனுங்க. நேத்துப் புது மெசினு வெச்சாராம். காலைல உங்ககிட்ட வாசிக்கோணும்னு எழுதிச் சட்டப்பையில வெச்சிருக்காருங்க."

அழுகைக்கு நடுவே வாசித்தார். "பெரிய கே... சின்ன கே..." கணவர் நிறுத்தும் இடங்களிலேயே நிறுத்தினார். எல்லாம் ஒத்துப்போயின. கோப்பு வந்தது. அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார்.

முதல் இரண்டு தடவை எடுக்காததற்கு அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் ஒருக்காத்தானுங்க கூப்பிட்டேன்" என்றார்.

என் போனில் மூன்று அழைப்பும் பதிவாகி இருக்கின்றன. சண்முகத்தின் நினைவாக என்னிடம் இருப்பது அவருடைய பழைய சர்வரின் கைரேகை மட்டுமே. கணினியிலிருந்து அழிக்கும் முன் அதை ஒரு தாளில் எழுதி என் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். மறுபடியும் அந்தப் பெயர் கூப்பிட்டால், இதை வாசிக்கச் சொல்லி ஆள் அவர்தானா என்று நான் பார்க்கோணுமில்ல?