சுண்ணாம்பு படாத இடம்

பிள்ளைகளே, நீங்கள் சுவரில் கிறுக்கும்போதெல்லாம் நான் வாய் திறப்பதில்லை என்று உங்கள் அம்மா சண்டை பிடிக்கிறாள். அதற்குக் காரணம் என் தங்கை.

அப்போது நாங்கள் ராயபுரம் கடற்கரைக் குப்பத்தில் இருந்தோம். ஒரு கார்த்திகை மாதம், கடலுக்குப் போன என் அண்ணன் திரும்பி வரவில்லை. அவன் போன கட்டுமரம் மட்டும் எண்ணூர்ப் பக்கம் கரை ஒதுங்கியது.

வீட்டில் எல்லோரும் அழுதோம். தங்கை மட்டும் அழவில்லை. அடுப்புக் கரியை எடுத்து, கதவைத் திறந்ததும் தெரிகிற சுவரில் படம் போட்டாள். கட்டுமரம், பாய், அதன்மேல் அண்ணன். தலை பூசணிக்காய் அளவு. கைகள் துடுப்பைவிட நீளம்.

அதைப் பார்த்த அத்தை வாசலிலேயே நின்று எங்கள் நைனாவைப் பார்த்துக் கத்தினாள். "இன்னாண்ணே, செத்துப்பூட்டவன இஸ்துக்கினு வந்து சுவத்துல குந்த வெச்சிகீறா ஒம் பொண்ணு! வூடு வெளங்குமா?"

நைனா ஈரச் சாக்கால் துடைத்தார். மறுநாள் படம் திரும்ப வந்தது. திரும்பத் துடைத்தார்.

"பூ போடு, கிளி போடு. யாரு வாணான்னா?" என்றார்.

தங்கை கரியைக் கீழே வைத்துவிட்டாள். பூவும் போடவில்லை, கிளியும் போடவில்லை. பேச்சு குறைந்தது, பிறகு சோறும் குறைந்தது. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். நான் ஒரு கிளி வரைந்து காட்டினேன். அது காக்காய் மாதிரி வந்தது. அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

ஒருநாள் அம்மா மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு நைனாவிடம் சொன்னாள்: "ஒருத்தன கடல்ல வுட்டாச்சி. இவள நீ வூட்லயே வுட்டுடுவ போலகீது."

அன்று சாயங்காலம் நைனாவின் மடியில் கரித்துண்டுகள் இருந்தன. சுவரோரம் வைத்துவிட்டு, வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கரி பல நாள் அப்படியே கிடந்தது.

ஒரு மத்தியானம் தங்கை அதை எடுத்தாள். முன்பைவிடப் பெரிய கட்டுமரம். அதில் அண்ணன், நைனா, அம்மா, நான், கடைசியில் அவள்.

எங்கள் குப்பத்தில் பெண்கள் கட்டுமரத்தில் கால் வைக்கமாட்டார்கள். நைனா ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பொம்பளைங்க மரத்துல ஏறுவாங்களாடி?"

"அண்ணன் தனியா கீறான் நைனா. பயமா இருக்காதா?"

நைனா சாக்கைப் போட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

வருஷத் திதி முடிந்ததும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். துக்கம் கழிந்தது என்று அதற்குப் பொருள். நைனாவே அடித்தார். படத்தின் ஓரம்வரை வந்து, சுற்றி வளைத்து, அதை மட்டும் விட்டுவிட்டார்.

"இன்னாண்ணே, இத்த வுட்டுட்டே?" என்றாள் அத்தை.

"சுண்ணாம்பு தீந்துபோச்சி."

வாளியில் பாதி மிச்சம் இருந்ததைக் கண்டுபிடித்தது நான்தான். பெருமையோடு தூக்கிக்கொண்டு ஓடினேன். "நைனா, இன்னும் கீது பாரு!"

அவர் என்னையே பார்த்தார். பிறகு வாளியை வாங்கிக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்னால் மணலில் கவிழ்த்தார்.

நல்ல சுண்ணாம்பை இப்படியா வீணாக்குவது என்று அன்றைக்கு முழுதும் எனக்கு வருத்தமாக இருந்தது.