ஃபேனை மாற்றிய பிறகு கேட்ட தட்டல்

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில், பின்பக்க வீட்டில் இருப்பவளை எல்லோரும் டைப்பம்மா என்றுதான் கூப்பிடுவோம். விபத்து இன்சூரன்ஸ் விசாரணைகளின் ஒலிப்பதிவுகள் அவளுக்கு வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யார் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு சொல் விடாமல் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பதுதான் வேலை. "அழுகையைக்கூட டைப் அடிக்கணும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். பேசுகிறவர் நடுவில் உடைந்துபோனால், அடைப்புக்குறிக்குள் 'அழுகிறார்' என்று போட வேண்டுமாம். அதை அவள் கீரை ஆய்வதைப் பற்றிச் சொல்வதுபோல சாதாரணமாகச் சொன்னாள். அதிகம் பேசாதவள். மாடிப்படியில் எதிரே வந்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

வீட்டில் மூன்று பேர். அவளுடைய கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். காலையில் போனால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார். மூன்றாவது ஆள் கணவரின் அக்கா. வாழப்போன வீட்டில் ஒத்துவராமல் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். கட்டடத்தில் அவளுக்கு ஐகோர்ட்டு என்று பெயர். தண்ணீர்ச் சண்டையோ குப்பைச் சண்டையோ, அவள் வாசலில் வந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல்முறையீடு கிடையாது. அவள் கண்ணில் தண்ணீரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

பின்பக்கம் இரண்டு அறைகள். ஒன்றில் டைப்பம்மாவின் கம்ப்யூட்டர். அதை ஒட்டிய சின்ன அறையில் ஐகோர்ட்டின் கட்டில். இரண்டுக்கும் ஒரே பின்சுவர். அந்தச் சுவருக்கு அப்புறம் ஒரு பழைய கிடங்கு. அதன் வாசல் பின்தெருவில் இருக்கிறது. ஷட்டர் துருவேறி, பூட்டோடு சேர்ந்து ஒட்டிக்கிடக்கும். அது திறந்து எங்களில் யாரும் பார்த்ததில்லை.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் பாட்டிலுக்குள் மாட்டிய ஈ போல. பிறகு சில்வண்டு போல. போகப்போக அது இழுத்து இழுத்து ஊளையிட்டது. மேல்வீட்டில் இருந்த எனக்கே மத்தியானத்தில் லேசாகக் கேட்கும். ஹெட்போனையும் தாண்டி அது காதுக்குள் நுழைந்தது என்றாள். அதைவிட ஒன்று அவளை உறுத்தியது. சில நேரம் அந்த ஊளைக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று, மனிதக்குரல் மாதிரி, ஓடுவதுபோல இருந்தது. ஹெட்போனைக் கழற்றிப் பார்ப்பாள். வெறும் ஊளைதான். நாள் முழுக்க ஊரார் அழுகையைக் கேட்கிற காது, அதுவாகவே உண்டாக்கிக்கொள்கிறது என்று நினைத்து விட்டுவிட்டாள்.

ஒருநாள் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு ஃபேனின் நடுக்குமிழிலும் விரல்நுனியை ஒரு கணம் வைத்து நிறுத்திப் பார்த்தாள். பெரிய ஃபேனை நிறுத்தியும் ஊளை நிற்கவில்லை. அதற்குக் கீழே, மதர்போர்டிலேயே ஒரு சிப்பின் மேல் உட்கார்ந்திருந்தது இன்னொன்று. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. அதைத் தொட்டதும் வீடு சட்டென்று அமைதியானது. விரலை எடுத்ததும் மறுபடி ஊளை.

ஸ்டிக்கரை உரித்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். சில நாள் அடங்கியிருந்தது. அந்த நாட்களில் ஐகோர்ட்டு பகலெல்லாம் அறையில் ரேடியோவை அலறவிட்டாள். பிறகு எண்ணெய் காய்ந்து ஊளை திரும்பியது. ரேடியோ நின்றது.

"புது ஃபேனே வாங்கிப் போட்டுடப் போறேன்க்கா" என்றாள் டைப்பம்மா.

"ஓடுற மெஷினை எதுக்கும்மா நோண்டுற? சத்தம் போட்டாத்தான் அது உயிரோட இருக்குன்னு தெரியும்."

"எனக்குத் தலை வெடிக்குதுக்கா."

"வெடிச்சா நான் ஒட்டவைக்கிறேன். அதைத் தொடாதே."

ஐகோர்ட்டின் தீர்ப்பை டைப்பம்மா மீறியது அந்த ஒரு தடவைதான். உதிரிபாகக் கடைக்காரரிடம் பழைய ஃபேனின் அளவைச் சொல்லி, துளைக்குத் துளை பொருந்தும் ஒன்றை வாங்கிவந்தாள். "பழசை நேரா மேலே இழுக்காதீங்க. சிப்போட ஒட்டிக்கிட்டிருக்கும், பேத்துக்கிட்டு வந்துடும். மெல்லத் திருகி எடுங்க" என்று அவர் சொல்லியனுப்பினார்.

மறுநாள் காலை, கணவர் வேலைக்குப் போனதும் உட்கார்ந்தாள். மின்கம்பியைப் பிடுங்கி, ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மதர்போர்டை வெளியே எடுத்து மேஜையில் துணி விரித்துக் கவிழ்த்தாள். ஃபேனைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் ஊசிகளின் முனையை அடிப்பக்கமிருந்து குறடால் நெருக்கி உள்ளே தள்ளினாள். நிமிர்த்தி, இப்படியும் அப்படியும் மெல்லத் திருகியதும், அடியில் சூடு தணிக்கும் தகடும் ஃபேனுமாகக் கையோடு வந்தது. சிப்பின் மேல் சூடு கடத்துகிற பழைய பசை சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, புதுப் பசை ஒரு பொட்டு வைத்து, புது ஃபேனை அழுத்தி மாட்டினாள். எல்லாவற்றையும் பழையபடி பொருத்தி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. பொத்தானை அமுக்கினாள்.

திரை வெளிச்சமானது. சத்தமே இல்லை. ஃபேன் சுற்றுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

அன்றைக்குத்தான் தன் வீட்டின் சத்தங்கள் காதில் விழுந்ததாகச் சொன்னாள். ஃப்ரிஜ் உறுமி அடங்குவது, குழாய் சொட்டுவது, மேலே நான் நாற்காலி நகர்த்துவது எல்லாம் கேட்டது. ஹெட்போன் இல்லாமலேயே ஒரு பக்கம் அடித்துப் பார்த்தாள். அடித்து முடித்து விரலை எடுத்தாள்.

டக். டக். டக்.

சுவரிலிருந்து வந்தது. தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று நினைத்து இன்னொரு வரி அடித்தாள். நிறுத்தினாள். கொஞ்சம் பொறுத்து, மறுபடி டக், டக், டக். அவள் அடிக்கும்போது அது பேசாமல் இருந்தது. அவள் நிறுத்தினால் அது தொடங்கியது. எதிரே உட்கார்ந்திருப்பவர் நாம் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பார் அல்லவா, அந்த மாதிரி.

சோதித்துப் பார்க்க, ஒரே ஒரு எழுத்தை மட்டும் தட்டினாள். அந்தப் பக்கமும் ஒரே ஒரு தட்டல். கையை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே நல்ல வெயில், தெருவில் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஒன்றுதான் தெம்பு என்றாள்.

எழுந்து போய் பக்கத்து அறையை எட்டிப் பார்த்தாள். ஐகோர்ட்டு கட்டிலில், சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கிடங்குக்குள்ள யாரோ சுவத்தைத் தட்டுறாங்க."

'உனக்குக் காதுல கோளாறு' என்று பதில் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஐகோர்ட்டின் முகத்தில் இரத்தமே இல்லை.

"உனக்கும் கேக்குதா?" என்றாள் அவள்.

டைப்பம்மாவுக்கு நிஜமாகவே பயம் வந்தது அப்போதுதான். "உங்களுக்கு எப்பலேர்ந்துக்கா கேக்குது?"

"ரொம்ப நாளா. எனக்கு மட்டும்தான்னு நெனச்சிருந்தேன்."

இருவரும் கட்டிலில் ஒட்டி உட்கார்ந்தார்கள். தட்டல் இப்போது யாருக்காகவும் காத்திருக்கவில்லை. விடாமல் வந்தது. பிறகு ஏதோ கனமாக விழுந்தது. சுவரின் அடிப்பகுதியில் உராயும் சத்தம். அப்புறம் தட்டல் தரைக்குப் பக்கத்திலிருந்து, பலமில்லாமல், ஆனால் நிற்காமல் வந்துகொண்டேயிருந்தது.

"யாரோ விழுந்துட்டாங்க. வாங்கக்கா, போய்ப் பார்த்துடலாம்."

"ஆளு இல்லாத இடத்துல யாரு விழுவாங்க?"

"அதான், யாருன்னு பார்க்கலாம் வாங்க."

பின்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஷட்டரில் கைவைத்தால் துரு உதிர்ந்தது. எதிரே பஞ்சர் ஒட்டுகிறவர், "அதுக்குள்ள எலிதான் குடித்தனம் நடத்துது" என்று சிரித்தார். பிறகு யோசித்து, "பக்கத்துல ஒரு சந்து இருக்கு. காலையில ஒரு பொண்ணு அதுலேர்ந்து வெளிய வரும். எங்கேர்ந்து வருதுன்னு நான் கேட்டதில்ல" என்றார்.

சந்து ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அகலம். வெயில் அதற்குள் இறங்கவேயில்லை. முடிவில் ஒரு பச்சைக் கதவு. வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டிருந்தது. டைப்பம்மா கதவைத் தட்டினாள். பதிலுக்கு உள்ளே, டக், டக், டக்.

ஐகோர்ட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போயிடலாம்மா. கூப்பிடுறது என்னைத்தான். உனக்கு இதுல சம்பந்தமில்ல."

"என்னக்கா பேசுறீங்க" என்று சொல்லிக்கொண்டே டைப்பம்மா தாழ்ப்பாளை இழுத்தாள்.

தைல வாடை வந்தது. கிடங்கின் பின்மூலையைத் தடுத்து ஒரு அறையாக்கியிருந்தார்கள். சுவரோரம் ஒரு கட்டில், காலியாக. அதற்கும் சுவருக்கும் நடுவே தரையில் ஒரு வயதான ஆள், கன்னத்தைச் சுவரில் ஒட்டவைத்துக் கிடந்தார். வலது கையும் காலும் துவண்டிருந்தன. இடது கையில் ஒரு கரண்டி. கதவு திறந்த பிறகும் அந்தக் கை சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சம் முகத்தில் பட்டதும்தான் நிறுத்தினார். இரண்டு பெண்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

இருவருமாக அவரைத் தூக்கிக் கட்டிலில் சாய்த்தார்கள். டைப்பம்மா தண்ணீர் கொடுத்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்ததால் அவர் பேச்சைப் புரிந்துகொள்ளச் சிரமப்பட வேண்டியிருந்தது. முனகலையும் குளறலையும் கேட்டே பிழைக்கிற டைப்பம்மாவுக்கு அது பிடிபட்டது.

"அழுதது யாரு?" என்று கேட்டார்.

"யாரும் அழலையேங்க. அது என் கம்ப்யூட்டர்ல ஒரு ஃபேன். கெட்டுப்போயி அப்படிக் கத்திக்கிட்டிருந்துச்சு. இன்னிக்குத்தான் மாத்தினேன்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "மெஷின் வேற. அழுகை வேற. ரெண்டும் கேட்டுச்சு. லாரி ஓட்டினவன் நான், எனக்கு மெஷின் சத்தம் தெரியாதா? தெனம் மத்தியானம் ஒரு பொண்ணு அழும். நான் தட்டுவேன். நிறுத்திடும். இன்னிக்கு மெஷினும் இல்ல, அழுகையும் இல்ல. போய்ச் சேந்துட்டாளோன்னு..."

டைப்பம்மா திரும்பினாள். ஐகோர்ட்டு தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"நான்தாங்க" என்றாள்.

மார்பில் ஒரு கட்டி. கையில் தட்டுப்பட்டதும் தானாகக் கரையும் என்று இருந்துவிட்டாள். கரையவில்லை. வலி வந்தது. தம்பி வீட்டில் வந்து உட்கார்ந்தது போதாதென்று வியாதியையும் கொண்டுவந்து இறக்குவதா என்று வாயைத் திறக்கவில்லை. கம்ப்யூட்டர் ஊளையிடும் நேரத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுவாள். ஊளை இருக்கும்வரை பக்கத்து அறைக்குக் கேட்காது. அப்படி அழும்போதெல்லாம் சுவரில் யாரோ தட்டினார்கள். தன்னை அழைத்துப்போக ஆள் வந்து நிற்கிறது என்றே நம்பியிருக்கிறாள்.

"ஒரே சுவரு. எனக்குக் கேக்கல, அவருக்குக் கேட்டிருக்கு" என்று டைப்பம்மா என்னிடம் சொன்னபோது, 'அழுகிறார்' என்று போடுகிற அந்த அடைப்புக்குறி எனக்கு ஞாபகம் வந்தது.

சாயங்காலம் பெரியவரின் மகள் வந்தாள். ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவை செய்யும் இடத்தில் வேலை. கதவு திறந்திருப்பதைப் பார்த்துப் பதறி ஓடிவந்திருக்கிறாள். "ஒருதடவை தவழ்ந்தே ரோட்டுக்குப் போயிட்டாரும்மா. அதான் வெளியில தாழ் போடுறேன். பொண்ணு அழுவுது, பொண்ணு அழுவுதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. மூளையில அடைப்பு, அதனாலதான் இப்படின்னு நான் நெனச்சேன்" என்றாள். ஐகோர்ட்டை ஆஸ்பத்திரியில் யாரிடம் காட்டுவது என்று வழி சொன்னதும் அவள்தான்.

கிரேன்காரர் அன்று இரவு அக்காவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காலையில் லீவு சொல்லிவிட்டு அவரே கூட்டிக்கொண்டு போனார். அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் நீண்ட வைத்தியம். முடி கொட்டி, உடம்பு பாதியாகி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வாசலுக்கு வருவாள். ஆனாலும் வந்து தண்ணீர்ச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாள். முடி மறுபடி முளைத்தபோது சுருட்டையாக முளைத்தது. அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்றும் ஒரு தீர்ப்பு வந்தது.

நடக்கத் தெம்பு வந்ததும், பகலில் அந்தச் சந்துக்குள் நுழைந்து பெரியவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். இப்போது அந்தக் கதவு வெளியிலிருந்து பூட்டப்படுவதில்லை. அவர் குளறுவது அவளுக்குப் பாதி புரியாது. அவள் பேச்சை அவரால் நிறுத்த முடியாது. மத்தியானங்களில் டைப்பம்மா ஹெட்போனைக் கழற்றினால், சுவருக்கு அந்தப் பக்கம் இருவரும் ஏதோ வழக்கில் இறங்கியிருப்பது கேட்கும். என்ன வழக்கு என்று மட்டும் பிடிபடாது.

அடுத்த மழைக்காலத்தில் பெரியவர் ஒரு பகல் தூக்கத்தில் போய்விட்டார். மகள் வேலைக்குப் பக்கமாக வீடு பார்த்துக்கொண்டு போனாள். அந்த அறையில் இப்போது யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஐகோர்ட்டு கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொன்னாள். தம்பி மாற்றிக் கொடுத்தார். ஒரு வாரம் ஆவதற்குள், "அங்க தூக்கம் வரலை" என்று சொல்லித் திரும்பப் பழைய இடத்திலேயே போடச் சொல்லிவிட்டாள்.