பன்னிரண்டு அடிச் சுவரும் மருதாயியின் கையும்

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படியேறிப் போனால் லிங்கசாமியின் அச்சுக்கடை. கல்யாண பேனர், காதுகுத்து பேனர், கட்சி பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர் என்று எட்டு வருஷமாக அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவள் ரேணுகா. முப்பத்திரண்டு வயது. கொலக்கம்பைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. ப்ளஸ் டூ முடித்ததும் தேயிலை பேக்டரியில் தூள் சலிக்கப் போனாள். தும்மல் தாங்காமல் இங்கே பேனர் ஒட்ட வந்தவள், பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டர் வேலையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் கொண்டுவந்த இரண்டு வரன்களையும் வேண்டாம் என்றுவிட்டாள். காரணம் கேட்டவர்களுக்கு, "பிடிக்கல" என்ற ஒரே பதில்தான்.

அந்த எட்டு வருஷத்தில் அவள் வெளுக்காத முகம் இந்த மலையில் குறைவு. போட்டோவோடு வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒன்றைச் சொல்வார்கள்: "கொஞ்சம் கலராக்கிக் குடுத்துருங்க." அவளும் ஆக்கிக் கொடுப்பாள். செத்துப்போனவர்களைக்கூட.

தனக்காக வரைவதில் மட்டும் அவள் அதைச் செய்ததில்லை. பழைய டேப்லெட் ஒன்றை வாங்கி, காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரைவாள். வளைவுகளில் கோடு இழுக்க முடியாது, வண்ணம்தான் நிரப்பலாம். அப்படி இரண்டு மாதம் வரைந்த படம், அவள் அம்மா மருதாயியின் படம். இடுப்பில் ஈரம் படாமலிருக்கக் கட்டிய படங்குச் சாக்கு, தலையில் நீல பிளாஸ்டிக் தாள், பின்னால் பனிமூட்டம். எல்லாவற்றுக்கும் முன்னால், பார்ப்பவரை நோக்கி நீளும் இரண்டு கைகள், அவற்றில் ஒரு பிடி கொழுந்து. எட்டு வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, பதினாறு வயதில் இலை எடுக்கப் போனவள் மருதாயி. நாற்பது வருஷத்துக் கறை விரல் ரேகைகளில் கறுப்புக் கறுப்பாக இறங்கியிருந்தது. அதை ரேணுகா ரேகை ரேகையாக வரைந்திருந்தாள்.

கடைக்கு வந்த சுஜாதா அந்தப் படத்தைத் தற்செயலாகப் பார்த்தாள். கோயம்புத்தூர்க்காரி, ஓட்டல்களுக்கு உள்ளலங்காரம் செய்கிறவள். குன்னூருக்கு வெளியே புதிதாகக் கட்டும் ஓட்டலின் முகப்புக் கூடத்தில் பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி உயரத்துக்கு ஒரு சுவர் அவள் கையில் இருந்தது.

"இதே படம் வேணும். கேன்வாஸ்ல, முழுச் சுவருக்கு" என்றாள்.

லிங்கசாமிக்கு வாயெல்லாம் பல். அவர் கடைக்கு அவ்வளவு பெரிய கேன்வாஸ் வேலை வந்ததே இல்லை. ரேணுகாதான் தயங்கினாள்.

"படம் சின்னதுங்க மேடம். ஏழு மடங்கு பெருசாக்கணும். சும்மா இழுத்தா புள்ளி புள்ளியா உடைஞ்சிரும்."

"அதுக்கெல்லாம் இப்ப சாஃப்ட்வேர் இருக்கு. ஃபைலைக் குடுங்க, நான் பாத்துக்கறேன்."

இரண்டு நாளில் பெரிதான படம் திரும்பி வந்தது. ரேணுகா அதைத் திறந்து, கைகள் இருக்கும் இடத்துக்குப் போனாள். ஒரு புள்ளி உடையவில்லை, கூர்மையாகத்தான் இருந்தது. ஆனால் கறை இல்லை. வெடிப்புகளும் இல்லை. இல்லாத விவரங்களை அந்த சாஃப்ட்வேர் தானே கற்பனை செய்து நிரப்பியிருந்தது. அதற்குத் தெரிந்த கைகள் அவ்வளவுதான் போலிருக்கிறது. மோதிரக் கடை விளம்பரத்தில் வருகிற விரல்கள். மேலே முகத்தைப் பார்த்தாள். மருதாயி வரிசைப் பற்களோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இது எங்கம்மா இல்லீங்க" என்றாள் ரேணுகா.

லிங்கசாமி எட்டிப் பார்த்தார். "சோக்காத்தானே இருக்குது அம்மிணி. மெசின்ல ஏத்து."

"ஏத்த மாட்டேனுங்க. நானே முழு அளவுக்குத் திருப்பி வரையறேன். பத்து நாள் குடுங்க."

சுஜாதாவும் போனில் சரி என்றாள். படம் நன்றாக இருந்தால் யார் வரைந்தால் என்ன என்பது அவள் கணக்கு.

அந்தப் பத்து நாளும் ரேணுகா லீவு போட்டாள். அவ்வளவு பெரிய படத்தை டேப்லெட் தாங்காது என்பதால், வரிசைக்கு நான்காக மூன்று வரிசை, மூன்று அடி அகலத்தில் பன்னிரண்டு துண்டுகளாகப் பிரித்துக்கொண்டாள். ஒவ்வொரு துண்டிலும் ஓரத்தில் இரண்டு அங்குலம் கூடுதலாக வரைந்தாள். கேன்வாஸைச் சட்டத்தில் மடித்து அடிக்கும்போது அந்த ஓரம்தான் பின்னால் போகும். இல்லாவிட்டால் அம்மாவின் சுண்டுவிரல் சட்டத்துக்குப் பின்னால் போய்விடும். கை வரும் துண்டுக்கு அம்மாவையே எதிரில் உட்காரச் சொன்னாள்.

மருதாயி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "இத என்னத்துக்குடி ஊருக்குக் காட்டுற? அவுக கேக்குற மாதிரி வெள்ளையாவே குடுத்துட்டுப் போயேன். நான் என்ன அந்த ஓட்டலுக்குள்ளாற போயி பாக்கவா போறேன்?"

"நான் பாப்பேன்ல."

"பாத்து?"

"எட்டு வருசம் ஊரையே வெளுத்தாச்சும்மா. உன்னய வெளுக்க மாட்டேன். கைய நீட்டு."

மருதாயி முணுமுணுத்துக்கொண்டே நீட்டினாள்.

வரைந்து முடித்துக் கடைக்குத் திரும்பினாள். அடுத்தது பச்சை. திரையில் ஒளிர்கிற பச்சையை மையால் கொண்டுவர முடியாது. அச்சில் அது பாசி மாதிரி மங்கிவிடும். மழைக்காலம் வேறு. கேன்வாஸ் ஈரத்தை இழுத்துக்கொண்டு மையைக் குடித்தது. ஒரு சாண் அகலத்தில் துணுக்குத் துணுக்காக அச்சடித்து, காயவைத்து, வாசலுக்குக் கொண்டுபோய் எதிர்ச்சரிவிலிருக்கும் தேயிலையோடு வைத்துப் பார்த்தாள். பனி விலகும்வரை காத்திருந்து பார்த்தாள். பதினொன்றாவது துணுக்கில் பச்சை பிடிபட்டது.

அந்தத் துணுக்கில் இரண்டு விரல்களும் இருந்தன. சுஜாதா வந்தபோது அதைத்தான் முதலில் எடுத்தாள்.

"பச்சை பிரமாதம். ஆனா இந்தக் கறுப்பை எடுத்துடுங்க. கெஸ்ட் டீ குடிக்கிற இடம். அழுக்காத் தெரியுது."

"அது அழுக்கு இல்லீங்க மேடம். இலைக்கறை. சோப்புப் போட்டாலும் போகாது."

"போகாதுன்னா படத்துலயாவது போகட்டுமே."

"படத்துலயும் போகாதுங்க."

சுஜாதா லிங்கசாமியைப் பார்த்தாள். "சரி, முதல்ல நான் அனுப்பின ஃபைல் இருக்குல்ல? அதையே அடிச்சுடுங்க."

"அடிச்சுக் குடுத்தர்லாங்க" என்றார் லிங்கசாமி.

ரேணுகா கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். தன் பன்னிரண்டு துண்டுகளையும் சொந்த டிஸ்கில் ஏற்றினாள். பிறகு கடையிலிருந்த பழைய சின்னப் படம், சிரிக்கிற படம் இரண்டையும் இருவர் கண்ணெதிரில் அழித்தாள். "நான் வரைஞ்சது. யாருக்கும் எழுதிக் குடுக்கல. உங்ககிட்ட இருக்கிறதையும் அழிச்சிருங்க மேடம். அந்தச் சுவத்துல அது தொங்கினா, நான் அங்கேயே வந்து நின்னு, இது எங்கம்மா கை இல்லேன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவேன்."

சுஜாதா கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். லிங்கசாமிக்கு முகம் சிவந்துபோயிற்று. "நாளையில இருந்து வராதே" என்றார்.

"சரிங்கண்ணா" என்று ரேணுகாவும் படியிறங்கினாள்.

மறுநாள் அம்மாவோடு படங்கு கட்டிக்கொண்டு தினக்கூலியாக இலை எடுக்கப் போனாள். பழக்கமில்லாத கை, மூன்றாம் நாளே விரல்கள் வெடித்தன. "நல்லா வேணும்டி" என்று திட்டிக்கொண்டே மருதாயி இராத்திரி தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். மகள் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் போவாள் என்று லைனில் பலரும் நினைத்தார்கள். அவள் போகவில்லை.

நான்காவது வாரம் லிங்கசாமியே போன் செய்தார். அவள் போனபின் கடை அச்சில் பச்சை நிறம் சரியாக வரவில்லை. கட்சிக்காரர்கள் பேனரைத் திருப்பிக் கொண்டுவந்து சத்தம் போட்டிருந்தார்கள்.

"என்ன அம்மிணி, கோவமா? வந்து அந்த மெசினக் கொஞ்சம் பாரு."

"வர்றேனுங்க. ஆனா எம்படத்த நம்ம மெசின்லதான் அடிப்பேன். ஞாயித்துக்கிழமைல."

"கேன்வாஸ் ஒரு ரோல் மிச்சமாத்தான் கெடக்குது. அடிச்சுக்கோ" என்றார் லிங்கசாமி.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பன்னிரண்டு துண்டுகளையும் எஸ்டேட் சமுதாயக் கூடத்தின் நீளச் சுவரில் நூல் பிடித்து, இடைவெளி தெரியாமல் மாட்டினாள். கல்யாணம், கூட்டம் எல்லாம் நடக்கிற கூடம். கூடத்துப் பொறுப்பாளர் மூக்கன், "சாமி படம் மாட்ற எடத்துல இலை எடுக்குற பொம்பளையா?" என்று கேட்டார். "சாமிக்கு எதிர்ச்சுவர் இருக்கு" என்றாள் ரேணுகா. அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

வேலை முடிந்து பெண்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். ஒருத்தி சுவரருகே போய், தன் உள்ளங்கையை அந்தப் பெரிய உள்ளங்கையின் மேல் வைத்துப் பார்த்தாள். "மருதாயக்கா கைடி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மருதாயி கடைசியாக வந்தாள். தலையை அண்ணாந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நகத்தையாச்சும் வெட்டி வரைஞ்சிருக்கலாம்ல" என்றாள்.

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள், வாயில் இரண்டு பல் இல்லை.

யாரோ எடுத்த போட்டோ எப்படியோ சுஜாதாவின் போனுக்கும் போயிருக்கிறது. அந்த ஓட்டல் சுவரில் இப்போது வெறும் மலைக்காட்சிதான் தொங்குகிறதாம். இதே படம் வேண்டும், பேசலாமா என்று செய்தி அனுப்பியிருந்தாள். ரேணுகா இரண்டே வரி எழுதினாள்: ஒரு புள்ளியும் மாறக்கூடாது. கீழே மருதாயி என்று பெயர் இருக்க வேண்டும்.

பதில் இன்னும் வரவில்லை. ரேணுகா அடுத்த படத்தைத் தொடங்கிவிட்டாள். தூள் சலிக்கும் அறையில் முகத்தில் துணி கட்டிய நான்கு பெண்கள். யார் கேட்டு வந்தாலும் வராவிட்டாலும், இந்த முறை முதல் கோட்டையே முழு அளவில் போட்டிருக்கிறாள்.