அமுக்கரா கலந்த பால்

எங்கள் ஒரே மகன் திருச்சியில் வேலை முடிந்து பைக்கில் ஸ்ரீரங்கம் திரும்பும்போது லாரி மோதி இறந்துபோனான். அதிலிருந்து விளக்கேற்றும் நேரம் வந்தால் என் மனைவிக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். வாசலில் போய் நின்றுவிடுவாள்.

"பைக் சத்தம் கேக்கறது பாருங்கோ," என்பாள்.

எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை.

சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. துரும்பாய் இளைத்துவிட்டாள். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தொடவே மாட்டேன் என்றாள். இவளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று எனக்கு உதறல்.

நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பயம் வந்தால் படிக்கத்தான் தெரியும். மூளையில் காபா என்று ஒரு ரசாயனம் உண்டு. பதறி ஓடும் நரம்பணுக்களை அதட்டி உட்காரவைப்பது அதன் வேலை. அஸ்வகந்தா என்கிற அமுக்கராக் கிழங்கில் உள்ள வித்தனோலைடு என்னும் பொருள்கள் அந்த வேலைக்குக் கைகொடுக்கக்கூடும் என்று படித்தேன். 'கூடும்'தான். மாணவன் ஒருவன் பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் போட்டிருக்க மாட்டேன். ஆனால் ஆபத்துக்குப் பாவமில்லை.

டாக்டரிடம் கேட்டேன். "கொஞ்சமா கொடுத்துப் பாருங்க சார். ஒத்துக்கலைன்னா உடனே நிறுத்திடுங்க," என்றார்.

மலைக்கோட்டைக் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கிவந்தேன். "குதிரை நாத்தம். எனக்கு வேண்டாம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் பெருமாளுக்குப் படைத்து அமுது செய்விக்காமல் எதையும் வாயில் போடுவதில்லை. அமுது செய்ததை வேண்டாம் என்று சொல்வதும் இல்லை. பொடியைப் பாலில் கலந்து பெருமாள் முன்னால் வைத்தேன். மருந்தை யாராவது பெருமாளுக்குக் காட்டுவார்களா? என் அப்பா இருந்திருந்தால் என்னை வீட்டைவிட்டே துரத்தியிருப்பார்.

டம்ளரை நீட்டியதும் அவளுக்கு வாசனை தெரிந்துவிட்டது. "பெருமாளையும் உங்க கட்சியில சேர்த்துண்டுட்டேளா?" என்றாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தாள்.

சில வாரங்களில் நடுக்கம் குறைந்தது. தூங்கினாள். ரசம் சாதம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் உள்ளுக்குள் மார்தட்டிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் பெருமாள் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். பதறிப்போய் என்ன என்று கேட்டேன்.

"படபடப்பு போயிடுத்து. ஆனா அவன் வரமாட்டேங்கறானே. நாளைலேர்ந்து வெறும் பால் வைங்கோ."

என்னிடம் பதில் இருந்தது. அந்தச் சத்தம் பயத்தில் அவள் மூளை உண்டாக்கியது. பயம் அடங்க, சத்தமும் அடங்கிவிட்டது. கரும்பலகை முன்னால் நின்றிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. மறுநாள் வெறும் பால் வைத்தேன்.

அடுத்த வாரமே நடுக்கம் திரும்பிவிட்டது. விளக்கை ஏற்றிவிட்டு வாசலுக்கு ஓடினாள். முகம் வெளுத்திருந்தது, கண்ணில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஆட்டோக்களும் யாரோ வீட்டு டிவியும்தான் கேட்டன.

"எங்க வந்துண்டிருக்கான்?" என்றேன்.

"தெரு திரும்பிட்டான். நீங்க சித்த தள்ளி நில்லுங்கோ. வண்டியை உள்ள ஏத்தணுமே."

நான் தள்ளி நின்றேன்.