வாள் பிடித்த பெண்ணின் காலடியில்

நம்பினால் நம்புங்கள். வெளியே சொல்லவே கூசுகிறது. ஆனால் இது என் கையால் நடந்தது.

லிஸ்பனில் வலேரியோவின் பட்டறையில், விளையாட்டுச் சீட்டு அச்சடிக்கிற மரக்கட்டை செதுக்குகிறவன் நான். ராஜாவையும் குதிரைவீரனையும் யார் வேண்டுமானாலும் வெட்டிவிடலாம். வாளும் கையுமாக டிராகனோடு மல்லுக்கு நிற்கிற பெண் இருக்கிறாளே, அவளை வெட்டுவதில்தான் தொழில் தெரியும். அந்த வருடம் அவளை வெட்டியது என் பக்கத்து மேசைக்காரி பிரிதெஸ். காலடியில் தன் பெயரையும் வெட்டினாள். அப்புறம் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

கட்டை என்னிடம் இருந்தது. தலைமை வேலை காலியாக இருந்தது. புத்தி கெட்டுப்போனேன். அவள் பெயர் இருந்த இடத்தை உளியால் தோண்டி எடுத்து அடுப்பில் போட்டேன். அந்தக் குழியில் புது மரத்துண்டு அடித்து, என் பெயரை வெட்டி, முதலாளி வலேரியோவிடம் காட்டினேன்.

"உன் வேலையாடா இனாசியோ?"

"ஆமா முதலாளி."

"இந்தக் கைய இத்தன நாள் எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த? நாளைக்குத் தாள் எடுத்துக் காட்டு. தலைமை வேலை உனக்குத்தான்."

மறுநாள் மதியம். பட்டறையில் நான் மட்டும். கோயில் மணி மூன்று அடித்தது. கட்டையில் மை தடவி, ஈரத்தாள் வைத்துத் தேய்த்து, உரித்தேன்.

காலடியில்... பிரிதெஸ்.

கட்டையைப் பார்த்தேன். என் பெயர்தான் இருந்தது. வெட்டி எறிந்த மரம் முளைக்காது. எனக்குத் தெரியாதா?

இரண்டாவது தாள். பிரிதெஸ்.

மூன்றாவது தாளைத் தேய்த்தேன். சர்ர்... சர்ர்...

பயத்தில் கையை எடுத்துவிட்டேன்.

சர்ர்... சர்ர்...

சத்தம் நிற்கவில்லை.

மூன்றேகால் மணி அடித்தது.

நின்றது.

மூன்று தாளையும் அடுப்பில் திணித்துவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓடினேன். வாசலில் அவள் தங்கை எவுஃபேமியா அழுதுகொண்டு நின்றாள்.

"போயிட்டாண்ணே... மூணேகாலுக்கு."

உள்ளே கூட்டிப்போய்ப் போர்வையை விலக்கினாள்.

"பன்னண்டு நாளா கட்டில விட்டு எறங்கல. கையப் பாருங்க."

இரண்டு கையிலும் மை. ஈரம்கூடக் காயவில்லை.

"அந்தக் கட்டைய முதலாளிகிட்டக் காட்டச் சொல்லி உங்க கையிலதானே குடுத்தா? காட்டினீங்களாண்ணே?"

"காட்டினேன்" என்றேன். போர்வையை இழுத்து அந்தக் கைகளை மூடினேன்.

அன்றிலிருந்து எல்லாத் தாளிலும் என் பெயர்தான் விழுகிறது. எட்டு வருடமாக நான்தான் தலைமை.